பதினாலு வயதில் அப்பாவான மிக்கேல்

மிக்கேலுக்கும் அவருடைய மகன் சவரிமுத்துவுக்கும் பதினாலு வயதுதான் வித்தியாசம் என்று என் தம்பி மகள் மதுமிதா போனில் சொன்னபோது, நான் மயிலாடுதுறையில் என் வீட்டு அடுப்படியில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் இங்கிலாந்தில் நரம்பு டாக்டர். மிக்கேல் யார், சவரிமுத்து யார் என்று எனக்குத் தெரியாது. கையெல்லாம் கறை வேறு. "அதுக்கு நான் என்னடி பண்ணணும்?" என்றேன்.

"பதினாலு வயசுல ஒருத்தர் அப்பா ஆக முடியுமா அத்தை? எங்கேயோ தப்பு இருக்கு. நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க."

அவள் சொன்ன இடம் கம்பம் பள்ளத்தாக்கில், மலையை ஒட்டிய ஒரு சின்னக் கத்தோலிக்க ஊர். நாற்பது வீடு இருக்கும். அந்தக் காலத்து மிஷன் சாமியார்கள் குடிவைத்த குடும்பங்கள். பெண் எடுப்பதும் கொடுப்பதும் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே. அந்த நாற்பது வீட்டுக்குள் ஐந்து பேருக்குப் பார்க்கின்சன் வந்திருக்கிறது. அதை ஊரில் உதறல் என்கிறார்கள். ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து மாணவர்கள் வந்து வீடு வீடாக விசாரித்து, ஒரு வம்சப் படம் வரைந்து, இது அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும் வியாதி என்று முடிவுகட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் படம்தான் மதுமிதாவின் கைக்கு வந்திருந்தது.

நான் சார்பதிவாளர் ஆபீஸில் எழுத்தராகச் சேர்ந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவள். இன்னாருக்கு இன்னார் மகன் என்று பழைய பத்திரத்தில் தேடியே என் ஆயுசில் பாதி போயிற்று. கோழி கிளறியது போன்ற கையெழுத்தையும் படித்துவிடுவேன். அந்த ஊர் மாதா கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது, அதைப் படிக்க என்னைவிட்டால் வேறு ஆள் இல்லை என்று மதுமிதா ஐஸ் வைத்தாள். ஐஸ் என்று தெரிந்தேதான் கிளம்பினேன்.

ஊரின் பெயரை எழுத மாட்டேன் என்று அங்கே ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

தேனியில் இறங்கியதும் காற்று என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. எங்கள் ஊரில் இப்படிக் காற்று அடித்தால் புயல் என்று அர்த்தம்; மெழுகுவர்த்தி வாங்க ஓடுவோம். இங்கே அது பாட்டுக்கு அடிக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. பஸ் ஸ்டாண்டுக் கடையில் காபி கேட்டேன். வந்ததைப் பற்றிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பக்கத்து மேஜையில் ஒருவர் காலை ஏழு மணிக்குப் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். இட்லி நேரத்தில் இது என்ன அநியாயம் என்று நினைத்துக்கொண்டே நானும் ஒன்று வாங்கினேன். பிறகு இன்னொன்றும் வாங்கினேன்.

சின்னமனூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. டிரைவரும் கண்டக்டரும் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார்கள். ஜனங்கள் முணுமுணுப்புக்கூட இல்லாமல் இறங்கி, புளியமர நிழலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். சாலைக்கு இரண்டு பக்கமும் வாழை, தென்னை, அதற்கப்பால் திராட்சைப் பந்தல், அதற்கும் அப்பால் மலை. கோயில் கோபுரத்தைவிட உயரமான எதையும் பார்த்து வளராதவள் நான். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை நிற்பது, யாரோ நம்மையே பார்த்துக்கொண்டிருப்பது போலக் கூச்சமாக இருந்தது.

வாழைத்தார் ஏற்றிய ஒரு மினி லாரிக்காரர் முன்சீட்டில் இடம் கொடுத்தார். மலையாளப் பாட்டைப் போட்டுக்கொண்டு தானும் கூடவே பாடினார். எங்கே போகிறேன் என்று கேட்டார். ஊரைச் சொன்னதும் பாட்டை நிறுத்திவிட்டார்.

"அங்கனயா போறீக? தண்ணி மட்டும் குடிச்சிராதீகம்மா. அந்தூருக் கெணத்துத் தண்ணிதான் கையக் கால உதற வைக்குதுன்னு சொல்றாக."

இறங்கும்போது தன்னுடைய தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தார். ஐந்து நாள் தங்க வந்தவளுக்கு ஒரு லிட்டர். அதைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

நான் தங்கியது சவரிமுத்துவின் வீட்டில். அவருடைய மகள் ஸ்டெல்லாதான் மதுமிதாவுக்கு அந்தப் படத்தை அனுப்பியவள். இருபத்தொன்பது வயது. சின்னமனூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அம்மா இறந்துவிட்டார். சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்தவள், கைகால் கழுவியதும் எனக்குக் கருப்பட்டிக் காபி போட்டுக் கொடுத்தாள். கிணற்றுத் தண்ணீர்தான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி மறுப்பது? கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். தேனிக் காபியை மன்னிக்கும் அளவுக்கு நன்றாக இருந்தது.

அவள் தன் கதையைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். கெங்குவார்பட்டியில் ஒரு மாப்பிள்ளை. மின்வாரியத்தில் வேலை. இரண்டு வீட்டாருக்கும் பிடித்து, நிச்சயத்துக்கு நாள் பார்த்தாயிற்று. அப்போதுதான் 'அந்த ஊர் ரத்தத்திலேயே உதறல் இருக்கிறதாம்' என்ற பேச்சு அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது. பரம்பரை இல்லை என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால் மேற்கொண்டு பேசலாம், கோயில் திருவிழா வரைக்கும் பார்ப்போம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டார். திருவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது. மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஸ்டெல்லா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பிறகு அந்தப் படத்தை எடுத்து வந்தாள். கட்டங்களும் கோடுகளும் இங்கிலீஷில். நோய் உள்ள கட்டங்களைக் கறுப்பாக அடைத்திருந்தார்கள். மிக்கேல், அவருக்குக் கீழே சவரிமுத்து, அவருக்குக் கீழே இரண்டு பேர்: ஜெரோம், ஸ்டெல்லா. இரண்டு கட்டத்துக்குள்ளும் கேள்விக்குறி.

"எங்கப்பா பேரும் எம் பேரும்தாம்மா எனக்குப் புரிஞ்சது. மத்த கோடெல்லாம் டாக்டருக்குப் படிக்கிறவுக சமாச்சாரம்னு விட்டுட்டேன். இத காப்பி எடுக்க என் கடைக்குத்தான் வந்தாக. என் மெஷின்லயே நான்தான் பத்து காப்பி எடுத்துக் குடுத்தேன்."

அவள் சிரிக்கத்தான் முயன்றாள். எனக்கு அந்த மாணவர்கள் மேல் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் விடிந்தபோது வாசலில் எட்டுப் பேர் நின்றார்கள். லண்டனிலிருந்து டாக்டரம்மா வந்திருக்கிறாள் என்று செய்தி பரவியிருந்தது. நான் டாக்டர் இல்லை, பத்திர ஆபீஸ் என்றேன். பரவாயில்லை என்று ஒருவர் முழங்காலைக் காட்டினார். ஒரு அம்மா கண் இமையை விரித்துக்கொண்டு என் மூக்குக்கு நேரே வந்து நின்றார். கடைசியில் எல்லாரையும் வெந்நீர் குடிக்கச் சொன்னேன். நன்றியோடு போனார்கள்.

சவரிமுத்துவுக்கு அறுபத்தாறு வயது. வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எந்நேரமும் இல்லாத பீடியைச் சுருட்டிக்கொண்டிருக்கும். முகத்தில் எதுவும் அசையாது. கோபமா சந்தோஷமா என்று கண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நடப்பார்; ஆனால் நிலைப்படி வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவார். அதற்கு ஸ்டெல்லா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். வாசல்படி தோறும் குறுக்கே சாக்பீஸால் நாலு கோடு. கோட்டைப் பார்த்ததும் அதைத் தாண்ட வேண்டும் என்று கால் தானாக எழும்பிவிடுகிறது. வீடு முழுக்க இந்தக் கோடுகள். மதுமிதாவிடம் சொன்னேன். அவர்களும் ஆஸ்பத்திரியில் இதைத்தான் செய்கிறார்களாம்.

முதலில் கைதான் ஆட ஆரம்பித்ததா என்று கேட்டேன். அவர் குரல் மிகவும் சன்னம். பக்கத்தில் போய்க் காது கொடுக்க வேண்டும்.

"மொதல்ல வாசந்தான் போச்சு. பன்னீர்த் திராட்சை பழுத்தா ஊரே மணக்கும்பாக. எனக்குப் பதினஞ்சு வருசமா ஒண்ணுந் தெரியல. கை அதுக்குப் பொறவுதான்."

அன்று ஊரைச் சுற்றி வந்தேன். மிக்கேல் இறந்து சில வருடம் ஆகிறது. கீழத்தெருவில் உதறல் உள்ள ஆண்கள் இரண்டு பேர், அவர்களில் ஒருவருடைய மனைவி அன்னம்மாள் ஒருத்தி. ஊருக்கே ஒரே கிணறு. சவரிமுத்துவின் கூடப்பிறந்த அக்காவைப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியவர். அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, அதே வயிற்றில் பிறந்து வந்தவர், பந்தலுக்கு அடியில் நின்று கத்தரியால் திராட்சைக் குலையை நறுக்கிக்கொண்டிருந்தார். கையில் ஒரு சின்ன ஆட்டம்கூட இல்லை. லாரிக்காரர் சொன்ன தண்ணீர்க் கதையை அங்கேயே கழற்றி வைத்தேன். ரத்தக் கதையிலும் லேசாகச் சந்தேகம் தட்டியது. மத்தியானம் அவர் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. நான் கருவாடு சாப்பிடுவதில்லை என்று சொல்லத் தைரியம் வரவில்லை. சாப்பிட்ட பிறகு சொல்லத் தேவையும் இல்லை.

சாயங்காலம் ஜெரோம் வந்தான். முப்பத்தைந்து வயது, திடமான உடம்பு. ஸ்டெல்லா அவனை அண்ணன் என்றாள், அவன் சவரிமுத்துவுக்கு முகம் மழித்து, நகம் வெட்டிவிட்டு, சோறு ஊட்டிவிட்டுப் போனான். கல்யாணமாகி அடுத்த தெருவில் தனிக்குடித்தனம். இப்படி ஒரு மகனா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

மூன்றாம் நாள் கோயில். பங்குச் சாமியார் கன்னியாகுமரிப் பக்கத்து இளைஞர், வந்து நாலு மாதம் ஆகிறது. பதிவேட்டைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். பழைய பக்கங்கள் லத்தீனில் இருந்தன. குழந்தை பெயர் ஒரு பத்தி, அப்பா பெயர் ஒரு பத்தி, அம்மா பெயர் ஒரு பத்தி, அதற்கடுத்து ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்று அவர் விரல் வைத்துக் காட்டினார். லத்தீன் ஆனால் என்ன, ஆள் பெயர் ஆள் பெயர்தான். மத்தியானத்துக்குள் சவரிமுத்துவைப் பிடித்துவிட்டேன்.

அப்பா பெயர்: இன்னாசி. மிக்கேல் இருந்தது ஞானத்தகப்பன் பத்தியில். பதினாலு வயதில் ஞானத்தகப்பனாக நிற்கலாமாம்.

ஜெரோமைத் தேடினேன். அப்பா பெயர்: லூர்துசாமி. ஞானத்தகப்பன்: சவரிமுத்து.

சாமியாருக்கு முன்னால் நாற்காலியில் துள்ளாத குறைதான். மாணவர்கள் ரேஷன் கார்டைப் பார்த்திருக்கிறார்கள், மி. சவரிமுத்து, ச. ஜெரோம் என்று இருக்கிறது. இனிஷியலை வைத்து அப்பன் மகன் என்று கோடு போட்டுவிட்டார்கள். பையனுக்கு ஏன் பெற்ற அப்பாவின் இனிஷியல் இல்லை என்று சாமியாருக்குத் தெரியவில்லை. ஊருக்குத் தெரிந்திருந்தது. ஸ்டெல்லாவிடம் கேட்டபோது, "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானம்மா. யாரும் கேக்கவே இல்லயே" என்றாள். ஞானத்தகப்பனும் தகப்பன்தான், அவர் பிள்ளையும் கூடப்பிறந்தவன்தான், அதில் வித்தியாசம் பார்ப்பது பாவம் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். வந்தவர்களுக்கும் அது தெரிந்துதான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

காரணத்தைச் சவரிமுத்துவின் அக்கா சொன்னார். அந்த ஊருக்கு ஒரு நேர்ச்சை இருக்கிறது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் முதல் குலைத் திராட்சையைப் பீடத்தில் வைத்துப் பூசை செய்வார்கள். விஷத்தைத் தொட்ட கை அந்தத் திராட்சையைத் தொடக் கூடாது. ஆனால் பூச்சிமருந்து அடிக்காமல் திராட்சை விளையாது. அதனால் மேலத்தெருவுக்கு ஒருவர், கீழத்தெருவுக்கு ஒருவர் என்று பம்புக்காரர்களை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். ஊர்த் தோட்டம் முழுவதற்கும் அவர்கள்தான் மருந்தடிப்பார்கள், வாழ்நாள் முழுக்க. பழம் பறிக்க மாட்டார்கள். மற்றவர்கள் பம்பைத் தொட மாட்டார்கள். பதிலுக்குத் திருவிழாவில் சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிற மரியாதை பம்புக்காரருக்கு.

அவருக்குப் பிறகு யார்? ரொம்ப நாள் ஆண்பிள்ளை இல்லாமல் வேண்டிப் பெற்ற வீட்டில் ஒரு பையனை நேர்ந்து விடுவார்கள். அவனுக்கு அவர் ஞானத்தகப்பனாக நின்று, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தன் இனிஷியலைக் கொடுப்பார். அவன் தலையெடுத்ததும் பம்பை அவன் முதுகில் தன் கையால் மாட்டிவிடுவார்.

"சொந்தப் பிள்ளைக்குக் குடுத்தா என்னம்மா?" என்று கேட்டேன்.

"அதெப்படி ஆத்தா? விசத்தச் சொந்த ரத்தத்துக்குக் குடுக்கலாமா?" என்றார் அந்த அம்மா.

அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நாலாம் நாள் உத்தமபாளையம் போனேன். இந்த ஊர்ப் பம்புக்காரர்கள் மருந்து வாங்கும் கடை அங்கே இருந்தது. போகிற வழியில் ஷேர் ஆட்டோவில் என் மடியில் யாரோ ஒரு பலாப்பழத்தை வைத்தார்கள், இறங்கும்போது எடுத்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு வார்த்தை பேச்சில்லை. கடைக்கார பாய் வெள்ளைத் தாடியும் மெதுவான பேச்சுமாக இருந்தார். எனக்கு நாற்காலி போட்டு, சுலைமானி டீ வரவழைத்துக் கொடுத்தார். அந்த ஊரிலிருந்து எப்போதும் இரண்டே பேர்தான் வருவார்கள் என்றார். அவருடைய வாப்பா காலத்தில் விற்ற மருந்துகளில் பாதி இப்போது வருவதே இல்லையாம்.

"நானும் கையுறை, மூக்குக்கவசமெல்லாம் சும்மாவே குடுத்துப் பாத்தேன். நேர்ச்சைக்காரன் செருப்புக்கூடப் போட மாட்டான் பாய்னு திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டாக. அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றேன், எனக்கு மனசு கேக்கல."

அவர் கைகாட்டிய கடையில் பிரியாணி சாப்பிட்டேன். எங்கள் பக்கத்துப் பிரியாணியை இனிமேல் தக்காளி சாதம் என்றுதான் கூப்பிட வேண்டும். சாப்பிடும்போது எங்கள் வயலில் மருந்தடிக்கும் முருகையன் நினைவு வந்தது. இருபது வருடமாக வருகிறார். அவர் காலில் செருப்பு இருக்குமா இருக்காதா என்று யோசித்தேன். தெரியவில்லை. கூலியைக் கையில் கொடுத்த நான் ஒரு நாளும் காலைப் பார்த்ததில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் புதுப்படம் போட்டு முடித்தேன். பெற்ற உறவுக்குச் சிவப்பு மை, ஞான உறவுக்கு நீல மை. சிவப்புக் கோட்டில் பார்த்தால் உதறல்காரர்கள் ஆளுக்கொரு வீட்டில் சிதறிக் கிடந்தார்கள். அவர்கள் கூடப்பிறந்தவர்கள் அத்தனை பேரும் நன்றாக இருந்தார்கள். மிக்கேல் பெற்ற மூன்று பிள்ளைகளுக்கும் ஒன்றுமில்லை. நீலக் கோட்டில் பார்த்தால் நாலு ஆண்களும் வரிசையாக நின்றார்கள், மேலத்தெருவில் இரண்டு, கீழத்தெருவில் இரண்டு. போட்டோ எடுத்து மதுமிதாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"அஞ்சு பேரை வச்சு மருந்துதான் காரணம்னு நான் சொல்ல முடியாது அத்தை. சந்தேகப்பட இடம் இருக்கு, அவ்வளவுதான். ஆனா பரம்பரைன்னு சொல்ல இதுல எந்த ஆதாரமும் இல்லன்னு தாராளமா எழுதித் தர்றேன்."

பம்பைத் தொடாத அன்னம்மாளுக்கு ஏன் வந்தது என்று கேட்டேன். புருஷனின் மருந்து நனைந்த துணியை முப்பது வருடம் வெறுங்கையால் துவைத்தவள் அவள். அது காரணமாக இருக்கலாம், வெறும் வயதாகவும் இருக்கலாம், தெரியாது என்றாள் மதுமிதா. தெரியாது என்று அவள் இவ்வளவு சுலபமாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அந்த மாணவர்களுக்கு யாராவது இந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

ஐந்தாம் நாள் காலை ஸ்டெல்லாவின் கடையில் அந்தக் கடிதத்தை அச்செடுத்தோம். மதுமிதாவின் கையெழுத்தோடு ஒரு பக்கம். நான் தமிழில் வாசித்துச் சொன்னேன். ஸ்டெல்லா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. போனை எடுத்து கெங்குவார்பட்டி நம்பரைத் தேடிக்கொண்டே, என் படத்தையும் காட்டச் சொன்னாள். நான் ஜம்பமாக விரித்து வைத்தேன். இந்தச் சிவப்பில் நீ இருக்கிறாய், இங்கே ஒன்றுமில்லை பார். இந்த நீலத்தில்தான் எல்லாம் போகிறது என்று வாத்தியார் மாதிரி விளக்கினேன். அவள் விரல் நீலக் கோட்டின் மேல் போயிற்று. மிக்கேல். சவரிமுத்து. அதற்குக் கீழே விரல் நின்றது.

"அப்ப ஜெரோம் அண்ணன்?"

அந்தக் கோட்டை வரைந்தவள் நான். அந்தப் பெயரையும் என் கையால்தான் எழுதினேன். தப்பைக் கண்டுபிடித்த குஷியில் அது ஒரு ஆள் என்பதே எனக்கு உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஸ்டெல்லா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கடை ஷட்டரை இறக்கினாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சவரிமுத்து கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் நான் கிளம்ப வேண்டிய நாள். இங்கே காற்று ஏறுவதற்கு முன்னால் மருந்தடித்து முடித்துவிடுவார்கள். வெள்ளென, பையைக் கட்டி வைத்துவிட்டு வெளியே வந்தால் சவரிமுத்து வேட்டி சட்டையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றார். அரை மைல் மண்பாதை. அவர் இரண்டு வருடமாகத் தெருவைத் தாண்டியதில்லையாம். ஸ்டெல்லா வேலியோரம் கிடந்த காய்ந்த திராட்சைக் கொடிகளை ஒரு கட்டு அள்ளிக்கொண்டாள். அவர் கால் நின்றுபோகிற இடத்திலெல்லாம் பாதைக்குக் குறுக்கே ஒரு குச்சியைப் போட்டாள். அவர் தாண்டினார். தாண்டிய குச்சியை நான் பின்னாலிருந்து பொறுக்கி அவளிடம் கொடுத்தேன். அப்படியே ஒரு மணி நேரம் நடந்தோம்.

பந்தலுக்குக் கீழே ஜெரோம் முதுகில் பம்போடு நின்றுகொண்டிருந்தான். வெறுங்கால். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. முழங்கை வரைக்கும் ஈரம். எங்களைப் பார்த்ததும் பதறிப்போய் ஓடி வந்தான். ஸ்டெல்லா அவனைக் கிட்டே வர விடாமல் கையைக் காட்டி நிறுத்தி, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

ஸ்டெல்லா வீட்டிலிருந்து ஒரு கொத்துப் பன்னீர்த் திராட்சை கொண்டுவந்திருந்தாள். ஒரு பழத்தை நசுக்கி, அவன் துண்டை விலக்கி, மூக்குக்குக் கீழே வைத்தாள். அவள் எதைச் சோதிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவள் அப்பாவுக்கு முதலில் போனது வாசம்தானே.

"வாசம் வருதாண்ணே?"

அவன் இழுத்து மோந்தான். "பன்னீரு வாசந்தான். ஏன்?"

ஸ்டெல்லா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இது எதற்கும் உத்தரவாதம் இல்லை என்று மதுமிதா பிற்பாடு சொன்னாள். எனக்கு அந்தக் காலையில் அது போதுமாக இருந்தது.

பம்பை இறக்கச் சொன்னாள் ஸ்டெல்லா. அவன் தலையை ஆட்டினான். நேர்ச்சையை நடுவில் விட்டால் ஊர் என்ன சொல்லும், திருவிழாவுக்கு ஒரு வாரம் கூட இல்லை, அவனுடைய ஞானப்பிள்ளைக்கு நாலு வயசுதான் ஆகிறது, அதுவரைக்கும் யார் தூக்குவது என்று கேட்டான். நானாக எறக்க முடியாது, மாட்டின கைதான் கழட்டணும் என்று சொல்லிவிட்டுச் சவரிமுத்துவைப் பார்த்தான். அது முடியாத காரியம் என்ற நினைப்பில்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

சவரிமுத்துவின் கால் மண்ணில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஸ்டெல்லா எழுந்து, அவருக்கும் ஜெரோமுக்கும் நடுவில் மிச்சமிருந்த குச்சிகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். ஐந்து குச்சி. அவர் ஐந்தையும் தாண்டி அவன் முன்னால் போய் நின்றார். நெஞ்சுக்குக் குறுக்கே இருந்த பெல்ட்டின் கொக்கியில் கையை வைத்தார். விரல்கள் பீடி சுருட்டிக்கொண்டே இருந்தன. கொக்கி நழுவியது. மறுபடியும் பிடித்தார். மறுபடியும் நழுவியது. நான் உதவப் போனேன். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலே பந்தலில் காற்று ஏற ஆரம்பித்திருந்தது. ஜெரோம் அசையாமல் குனிந்து நின்றான், அவன் கண்ணிலிருந்து வழிந்தது அவர் கையிலேயே விழுந்தது.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. என் பஸ் போய்விட்டிருந்தது. கொக்கி கழன்றது. பம்பு அவன் முதுகிலிருந்து சரிந்து மண்ணில் உட்கார்ந்தது. சவரிமுத்து ஏதோ சொன்னார். அவன் காதைக் கொடுத்துக் கேட்டான்.

"போதும்யா. என்னோட முடியட்டும்."